வாயைத் திறக்காத வேலை ஏதாவது இருக்கா அக்கா?

வாய் நாற்றம் பற்றி வருகிற கடிதங்களைக் கொஞ்ச நாளாகவே தனியாக எடுத்து வைத்துக்கொண்டு வந்தேன். கல்யாணம், புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்றுதான் கேட்பார்கள் என எதிர்பார்த்தேன். வந்ததெல்லாம் சோற்றுப் பிரச்சினை. வேலை போய்விட்டது, வேலைக்குப் போக முடியவில்லை, என்ன வேலைக்குப் போகலாம். அதனால் இந்த இதழில் இது ஒன்றுதான். எல்லோரும் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயசு, பி.காம். திருச்சியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை செக்‌ஷனில் நாலு வருஷம் இருந்தேன். புடவையை விரித்துக் காட்டிப் பேசும்போதே வாடிக்கையாளர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு முகூர்த்த சீசனில் ஒரு அம்மா எல்லோர் முன்னாடியும் "கொஞ்சம் தள்ளி நின்னு பேசும்மா" என்று சொல்லிவிட்டார். மறுநாள் சூப்பர்வைசர் எதுவும் பேசாமல் ஒரு பொட்டலம் ஏலக்காயைக் கையில் கொடுத்து, என்னைக் குடோனுக்கு மாற்றிவிட்டார். அங்கே இருக்கப் பிடிக்காமல் நின்றுவிட்டேன். காலை 9 மணிக்கு ஏறினால் ராத்திரி 9.30 வரை நிற்கிற வேலை. தண்ணி பாட்டிலைக் கொண்டுவரக் கூடாது, பாத்ரூம் மேல்மாடியில், ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுப் போக வேண்டும், அதனால் பகலில் தண்ணியே குடிப்பதில்லை, பழகிப்போச்சு. மூணு வேளை பல் தேய்க்கிறேன். மவுத்வாஷ், கிராம்பு, சோம்பு எல்லாம் பார்த்தாச்சு. மெடிக்கலில் கேட்டு வயித்துப் புண்ணுக்கு மாத்திரையும் போட்டேன். பிரஷ் பண்ணும்போது ஈறில் லேசா ரத்தம் வரும், அது ஸ்கூல் படிக்கும்போதிலிருந்தே உண்டு. இப்போ வீட்டில் சும்மா இருக்கிறேன். யாரிடமும் வாயைத் திறந்து பேச வேண்டாத வேலை ஏதாவது சொல்லுங்க. பழைய வேலையை ஏன் விட்டே என்று இன்டர்வியூவில் கேட்டால் என்ன சொல்றது? வீட்டில் வேற மாப்பிள்ளை பார்க்கிறாங்க. - வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன இரண்டு விஷயம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஈறில் ரத்தம் வருவது ஒன்று, பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நின்றது இன்னொன்று. எனக்கு அந்த இரண்டும்தான் மொத்தக் கடிதமே. வேலையைக் கேட்டால் பல்லைப் பற்றிப் பேசுகிறாளே என்று கோபப்படாதீர்கள், அதற்கும் வருகிறேன். ஆனால் சில வாரங்களில் குறையக்கூடிய ஒரு தொந்தரவுக்காக, வாழ்நாள் பூராவும் ஆளில்லாத மூலையாகத் தேடி உட்கார்ந்துகொள்வதில் எனக்குச் சம்மதமில்லை.

வாய் நாறினால் வயிறு சரியில்லை என்பது நம் வீடுகளில் அசைக்க முடியாத சட்டம். பாதி வீடுகளில் அதற்காகவே விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். உண்மையில் உணவுக்குழாயின் அடிவாய் பெரும்பாலான நேரம் மூடித்தான் கிடக்கிறது. விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும்தான் திறக்கும். எதுக்களிப்பு அதிகமாக உள்ள சிலருக்கு அங்கிருந்து வரலாம், மறுக்கவில்லை. ஆனால் வாய் நாற்றம் உள்ள பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. ஈறுக்கு அடியிலும் நாக்கின் பின்பக்கத்திலும் காற்றுப் படாமல் வாழ்கிற பாக்டீரியாக்கள், சாப்பாட்டு மிச்சத்தையும் உதிர்ந்த செல்களையும் தின்று கந்தக வாயுக்களை விடுகின்றன. அழுகின முட்டை வாடையடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதில் ஒன்று. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தால் இவற்றைக் கழுவித் தள்ளிவிடும். தூங்கும்போது எச்சில் குறைகிறது, அதனால்தான் விடிகாலையில் எல்லோருக்கும், நான் எல்லோருக்கும் என்கிறேன், வாய் நாறும். நீங்கள் பட்டப்பகலில், ஏசி ஓடுகிற ஹாலில், பன்னிரண்டு மணி நேரம் வாயைக் காயவைத்துக்கொண்டு பேசியிருக்கிறீர்கள். ஏலக்காய் கொடுத்த அந்த சூப்பர்வைசர் ஒரு குடம் தண்ணீரும் பாத்ரூம் சாவியும் கொடுத்திருந்தால் பாதிப் பிரச்சினை அந்தத் தளத்திலேயே முடிந்திருக்கும். ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியே சொல்லியாகிவிட்டது, பல கடைகளில் அந்த ஸ்டூலையே இன்னும் காணோம், தண்ணீருக்கு எங்கே போவது!

இப்போது ஈறு. ஆரோக்கியமான ஈறு பிரஷ் பட்டதற்கெல்லாம் ரத்தம் விடாது. ஸ்கூல் காலத்திலிருந்து வருகிறது என்றால் அவ்வளவு வருஷமாக அங்கே அழற்சி இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர்க் குழாயில் உப்பு படிகிற மாதிரி பல்லின் அடியில் காரை படிந்து இறுகிவிடும். நீங்கள் மூன்று வேளை என்ன, ஆறு வேளை தேய்த்தாலும் பிரஷ் அதைப் பெயர்க்காது. ஈறு வைத்தியத்தில் சிறப்புப் படிப்பு படித்த பல் டாக்டர்கள் இருக்கிறார்கள், பெரியோடான்டிஸ்ட் என்பார்கள், அவரைப் பாருங்கள். மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு ஒவ்வொரு பல்லாக அளந்து, பக்கத்தில் இருக்கும் உதவியாளரிடம் 2, 3, 5, 3 என்று சொல்லிக்கொண்டே போவார். அது மில்லிமீட்டர் கணக்கு. 3 வரைக்கும் கவலையில்லை, 4, 5 என்று காதில் விழுந்தால் அங்கே பை மாதிரி பள்ளம் விழுந்திருக்கிறது, நாற்றம் அதற்குள்ளிருந்தும் வருகிறது. கிளீனிங் செய்தால் பல் ஆடிப்போகும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். காரை போன இடம் காலியாகத் தெரியும், கொஞ்ச நாள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், அவ்வளவுதான். பணம் யோசனையாக இருந்தால் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023-லிருந்து நடக்கிறது, உங்களுக்குப் பக்கம். சிதம்பரத்திலும் சென்னையிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டுவிட வேண்டும், கூட்டம் இருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது, நாக்கு வழிப்பது. நம் தாத்தாக்கள் வேப்பங்குச்சியால் பல் விளக்கி முடித்து, அதே குச்சியை இரண்டாகக் கிழித்து நாக்கை வழித்துவிட்டுத்தான் எறிவார்கள். நாம் பேஸ்ட்டுக்கு மாறியபோது அந்தக் கடைசி வேலையைப் பாதிப் பேர் விட்டுவிட்டோம். ஸ்டீல் டங் கிளீனர் ஒன்று வாங்கி, நுனியோடு நிறுத்தாமல், குமட்டல் வருகிற அந்தப் பின்பக்கம் வரை மெதுவாக இழுத்து வழியுங்கள். ரத்தம் வர வைக்க வேண்டாம். மவுத்வாஷ் மேல் பெரிய நம்பிக்கை வேண்டாம். லிஸ்டரின் 1879-ல் வந்தபோது அறுவைச் சிகிச்சைக்கான கிருமிநாசினி. 1920-களில், உன் வாய் நாறுகிறது, உனக்குத்தான் தெரியவில்லை என்று அமெரிக்கர்களை விளம்பரத்தால் பயமுறுத்தித்தான் அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் சிலருக்கு வாயை இன்னும் காயவைக்கும். டாக்டர் எழுதித் தருகிற குளோர்ஹெக்ஸிடின் நன்றாக வேலை செய்யும், ஆனால் சொன்ன நாளுக்கு மேல் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். ஈறும் நாக்கும் சுத்தமாகியும் வாடை போகவில்லையா, அப்போது காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். டான்சில் இடுக்குகளில் வெள்ளையாக அரிசிக் குருணை போலக் கல் சேரும், சைனஸ் சளி பின்னால் வழியும், இரண்டுமே நாறும். இதையெல்லாம் தாண்டி மீன் வாடையாகவே வருகிறது என்றால் பிறவியிலேயே வரும் ஒரு அபூர்வக் கோளாறு உண்டு, அதைச் சிறுநீர்ப் பரிசோதனையில் கண்டுபிடிப்பார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

சரி, வேலை. பேசாத வேலை என்று தேடாதீர்கள். இந்தக் குறை இருப்பவர்களுக்கு ஆள் இல்லாத இடத்தை விட, ஆளுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மேஜையும், கையெட்டும் தூரத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருக்கிற இடம்தான் முக்கியம். நாலு வருஷம் பட்டு செக்‌ஷன் என்பது சாதாரண விஷயமா? தொட்டுப் பார்த்தே இது பட்டு, இது ஆர்ட் சில்க் என்று சொல்வீர்கள். தனி நாடா விட்டு பார்டரை உடலோடு கோத்து நெய்த கோர்வையா, சும்மா சேர்ந்து நெய்ததா என்று திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தக் கண் இல்லாமல்தான் ஆன்லைனில் புடவை விற்கிற பல பேர் திண்டாடுகிறார்கள். அனுப்புவதற்கு முன்னால் புடவையை விரித்து டேமேஜ் பார்க்க, திரும்பி வந்ததைச் சரிபார்க்க, போட்டோவுக்குக் கீழே ஜரிகை, நிறம், பிளவுஸ் பிட் விவரம் எழுத ஆள் வேண்டும். அப்புறம், நிறைய ஜவுளிக்கடைகளில் இப்போது வீடியோ காலில் புடவை காட்டி விற்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அப்படித்தான் கல்யாணப் புடவையே எடுக்கிறார்கள். உங்களுக்குப் பேசி விற்கத் தெரியும், கேமரா வழியாக வாடை போகாது, இதைவிட என்ன வேண்டும்?

பி.காம் இருப்பதால் டேலியும் ஜிஎஸ்டியும் பழகிக்கொண்டு ஆடிட்டர் ஆபீஸ் பக்கமும் போகலாம். மாதம் 11-ம் தேதிக்கும் 20-ம் தேதிக்கும் ரிட்டர்ன் போடுகிற நெருக்கடி இருக்கும், மற்ற நாளில் நீங்களும் கம்ப்யூட்டரும்தான். அரசு வேலை என்றால் டிஎன்பிஎஸ்சி குரூப் 4, குரூப் 2ஏ இரண்டிலும் நேர்முகத் தேர்வு கிடையாது, எழுத்துத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும்தான். ஆனால் உள்ளே போன பிறகு விஏஓ ஆனால் காலையிலிருந்து ஊர் சனம் முழுக்க உங்கள் மேஜை முன்னால்தான் நிற்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லி வருஷக்கணக்கில் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளவும் வேண்டாம். மெடிக்கல் கோடிங், அதாவது நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றுகிற வேலை என்று யாராவது சொல்வார்கள். அதற்குப் பெரும்பாலும் லைஃப் சயின்ஸ், நர்சிங், பார்மசி படித்தவர்களைத்தான் எடுக்கிறார்கள், பி.காமையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று பணம் கேட்கிற கோச்சிங் சென்டரிடம் ஜாக்கிரதை. கால் சென்டரில் எதிரில் ஆள் இல்லை, வாஸ்தவம், ஆனால் விடாமல் பேசினால் வாய் காயும், அந்த அறைகளில் பக்கத்து நாற்காலி முழங்கையில் இடிக்கும்.

எந்த இடமானாலும் சம்பளம் கேட்கிற அதே தடவையில் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். தண்ணீர் வைத்துக்கொள்ளலாமா, பாத்ரூம் எங்கே, சாப்பாட்டு நேரம் எவ்வளவு. இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை, இதற்கு முகம் சுளிக்கிற முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தால் உங்கள் வாய் மறுபடியும் காயப்போகிறது.

இன்டர்வியூவில் வாய் நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. "பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற வேலை, படிச்ச படிப்புக்கு ஏத்த மாதிரி உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு வரணும்னு நினைச்சேன்." இது பொய்யும் இல்லையே. அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் விரதம் வேண்டாம், வெறும் வயிறும் பட்டினியும் வாயை நாற வைக்கும். இட்லியோ இடியாப்பமோ சாப்பிட்டு, நாக்கு வழித்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே கூப்பிடுவதற்கு முன் காபி தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசாதீர்கள், எதிரில் இருப்பவர் எதையோ மறைக்கிறாள் என்று நினைப்பார். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்து, நம்பிக்கையான ஒருத்தியிடம் மட்டும் "எனக்கு இப்படி ஒரு தொந்தரவு இருக்கு, வாடை வந்தா சொல்லிடு" என்று சொல்லி வையுங்கள். நம் வாய் வாடை நம் மூக்குக்குச் சரியாகத் தெரியாது, அதற்கு இன்னொருத்தர் மூக்குதான் வேண்டும்.

மாப்பிள்ளை பார்ப்பதை டாக்டரைப் பார்த்த பிறகு பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்கிற சின்ன பட்டறை வைத்திருக்கிறேன். கணக்கு பார்க்கிறவர் ஐம்பதைத் தாண்டியவர், பத்துப் பைசா பிசகாதவர். ஆனால் பக்கத்தில் போய் நிற்க முடியவில்லை. பையன்கள் அவர் மேஜையில் மின்ட் பாக்கெட்டை வைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள். வேறு ஆள் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன், மனசும் வரவில்லை. - வாசகர், கோவை

பதில்: பத்துப் பைசா பிசகாத கணக்குப்பிள்ளையை வாடைக்காக அனுப்பிவிட்டு, அப்புறம் வருகிற ஆளிடம் என்ன வாடை வரும் என்று பார்க்கப்போகிறீர்களா? அவரிடம் இதுவரை யாருமே நேரில் சொன்னதில்லை என்றுதான் தோன்றுகிறது. நீங்களே சொல்லுங்கள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு, உட்கார வைத்து, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்குக் கொஞ்ச நாளா வாய் வாடை வருது, பல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க, செலவை நான் பார்த்துக்கறேன்." இவ்வளவுதான். சுற்றி வளைக்காதீர்கள், பையன்கள் சொன்னார்கள் என்று சொல்லாதீர்கள், மறுபடி மறுபடி கேட்காதீர்கள். அவர் வயதில் பிரஷருக்கோ அலர்ஜிக்கோ மாத்திரை சாப்பிட்டால் அதிலேயே சிலது வாயைக் காயவைக்கும், அதை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், தானாக நிறுத்திவிட வேண்டாம். பல்செட் போட்டிருந்தால் ராத்திரி கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடுகிறாரா என்றும் கேட்கலாம். மின்ட் பாக்கெட் வைத்த பையன்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டியுங்கள். அதைவிடக் கேவலமாக ஒரு மனுஷனிடம் விஷயத்தைச் சொல்ல முடியாது.

கேள்வி: 25 வயது, சென்னையில் ஐடி வேலை. காலேஜ் படிக்கும்போதிலிருந்தே என் வாயிலிருந்து நாற்றம் வருகிறது. லிஃப்டில் நான் ஏறினால் மூக்கைத் தேய்ப்பார்கள், மீட்டிங்கில் நான் பேசினால் யாராவது இருமுவார்கள், ஜன்னலைத் திறப்பார்கள். மூன்று பல் டாக்டர்கள் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்கள். அம்மாவும் அதையேதான் சொல்கிறார், என் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறார் போல. இதனாலேயே இரண்டு கம்பெனி விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை பல் தேய்க்கிறேன். நிரந்தரமாக வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை எப்படித் தேடுவது? - வாசகர், வேளச்சேரி

பதில்: தம்பி, திருச்சித் தங்கச்சிக்கு எழுதினது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, அதை எடுத்துச் செய்து பார்க்காதீர்கள். அவரிடம் ஒரு அம்மா நேராகச் சொன்னார். உங்களிடம் இதுவரை ஒருத்தரும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. தேய்த்த மூக்கு, இருமல், திறந்த ஜன்னல், இதுதான் உங்கள் சாட்சி. சென்னையில் மூக்கைத் தேய்க்க யாருக்கும் காரணம் வேண்டுமா? தூசி, ஏசி, ஜலதோஷம் எத்தனை இருக்கிறது. இன்றைக்கு லிஃப்டில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத மூலையில் நிற்கிறவர்களைக் கவனியுங்கள், அவர்களும் தேய்ப்பார்கள்.

மூன்று டாக்டர்கள் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்ல மாட்டார்கள். நான் உங்களைக் கற்பனை செய்கிறீர்கள் என்று தள்ளிவிடவும் இல்லை. நாற்றம் இல்லாமலேயே, இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டு, ஆளை வீட்டுக்குள் பூட்டிவைக்கிற ஒரு நிலை இருக்கிறது. பிரைஸ்-பிலிப்ஸ் என்கிற டாக்டர் 1971-லேயே இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப்பட்டியலான ஐசிடி-11 அதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது. திரும்பத் திரும்பக் கை கழுவுகிறார்களே, பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறார்களே, அந்தக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் ஏழெட்டு முறை பல் தேய்ப்பதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். அத்தனை தடவை அழுத்தித் தேய்த்தால் பல்லும் தேயும், ஈறும் இறங்கும், அப்புறம் நிஜமாகவே பல் டாக்டரிடம் வேலை வந்துவிடும். உங்களுக்கு அதுதான் என்று முடிவு சொல்ல நான் டாக்டர் இல்லை. மனநல மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து பேசிப் பார்த்துச் சொல்லட்டும். மாத்திரையும் உண்டு, பேச்சு முறைச் சிகிச்சையும் உண்டு, குணமானவர்களும் உண்டு.

நாலாவது பல் டாக்டரைப் பார்க்கலாமா என்று நிச்சயம் தோன்றும். வேண்டுமானால் கந்தக வாயுவை அளக்கிற கருவி உள்ள இடத்தில் ஒரே ஒரு தடவை ஊதிப் பார்த்துவிட்டு அதோடு விடுங்கள். அந்த எண்ணையும் நம்ப மாட்டேன், மெஷின் தப்பு என்று மனசு சொன்னால், அதையே அப்படியே மனநல டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், அவருக்கு அது முக்கியமான தகவல். முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்றால் 14416-ஐக் கூப்பிடுங்கள், டெலி மனஸ், அரசு நடத்துவது, காசு கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். சாவதே மேல் என்கிற மாதிரி நினைப்பு வந்திருந்தால் இதைப் படித்து முடிக்கும் வரை கூடக் காத்திருக்காதீர்கள்.

வீட்டிலிருந்து வேலை? கிடைக்கும், உங்கள் துறையில் அது கஷ்டமும் இல்லை. கிடைத்துவிடுமே என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபீஸுக்குப் போகாத ஒவ்வொரு மாதமும், போகாமல் இருந்ததால்தான் மானம் தப்பித்தது என்று அந்த நினைப்பு இன்னும் கெட்டியாகும். அப்புறம் கடைக்குப் போக மாட்டீர்கள், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போக மாட்டீர்கள். அதனால் இருக்கிற வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் போதும் என்கிற ஏற்பாடு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த இரண்டு நாளைத் தவறவிடாமல் போங்கள்.

கேள்வி: மேடம், வயது 44, சேலம். ஓனர் காருக்கு டிரைவர். ஏசி போட்டதும் ஓனர் அம்மா ஜன்னலை இறக்கிவிடுகிறார். சுகர் இருக்கிறது. உதட்டுக்குள் புகையிலை அடக்கும் பழக்கம் உண்டு, அது வாடையை மறைக்கிறது என்பதால்தான் விடவில்லை. கார் ஓட்டுவதை விட்டுவிட்டு வேறு என்ன செய்யலாம்? - வாசகர், சேலம்

பதில்: மறைக்கிறது என்று உங்களிடம் யார் சொன்னது? அந்த அம்மா ஜன்னலை இறக்குவதே அதற்காகவும் இருக்கலாம். அந்த வாடை புகையிலை போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியாது. மூடின காருக்குள் சொல்லவே வேண்டாம். குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை வந்தாயிற்று, இருந்தும் எந்தப் பெட்டிக்கடையில் கிடைக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும், எனக்கு எழுத வேண்டாம்.

வேலை மாற்றம் கேட்டீர்கள். லைசன்ஸ் இருக்கிறது, ஓட்டத் தெரியும், லோடு வண்டி ஓட்டலாம், பள்ளி வேன் ஓட்டலாம், ஜன்னல் திறந்திருக்கும். சொந்தமாகச் சின்ன லோடு வண்டி போட ஆசை இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் போய் மானியக் கடன் திட்டங்களைக் கேளுங்கள், வயது வரம்பு திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஆனால் சுகர் ஏறி இறங்குகிற உடம்போடு ராத்திரி லாரி மட்டும் வேண்டாம், பசி நேரம் தவறினால் ஸ்டீயரிங்கில் இருக்கும்போதே சுகர் இறங்கிவிடும். சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சுகர் கட்டுக்கு வருவது கஷ்டம், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். மாத்திரை வாங்க லீவு போட முடியவில்லை என்று சொல்ல வேண்டாம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும்.

மூச்சில் பழம் அழுகின மாதிரி இனிப்பு வாடை வந்து, கூடவே வாந்தி, மேல்மூச்சு வாங்குவது, மயக்கம் இருந்தால் அது பல் சமாச்சாரம் கிடையாது. சுகர் எல்லை மீறியிருக்கிறது என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரி. புகையிலை அடக்குகிற இடத்தில் கண்ணாடி வைத்து உதட்டை மடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, ஆறாத புண், வாய் முன்பு போலத் திறக்காமல் இறுகுவது, எது இருந்தாலும் ஓனரிடம் அரை நாள் லீவு கேட்டு அரசு மருத்துவமனை பல் பிரிவுக்குப் போங்கள். விட நினைத்து முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட உதவுகிறார்கள். முதல் வாரம்தான் கை உதட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.